மருந்து குடித்த கறிவேப்பிலை

"எனக்கு இது முதல் பிள்ளை. ஐந்தாம் மாதம் நடக்கிறது" என்று ஒரு பெண் மருத்துவரிடம் நான் சொன்னபோது எனக்கு ஐம்பத்தொன்பது வயது. மீசையும் வைத்திருந்தேன். மருத்துவர் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கக்கூட இல்லை. என் பக்கத்தில் இருந்த இருபத்தாறு வயதுப் பெண்ணைப் பார்த்து, "வாழ்த்துகள்" என்றார். அதை நான் தமிழில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.

இதுதான் என் வேலை. மொன்றியல் ஆஸ்பத்திரிகளில் பிரெஞ்சு தெரியாத தமிழர்களுக்கும் தமிழ் தெரியாத மருத்துவர்களுக்கும் இடையில் இருந்து பேசுகிற வேலை. பயிற்சியில் முதல் நாளே ஒரு விதி சொல்லித் தந்தார்கள். "அவர் சொல்கிறார்" என்று பேசக்கூடாது. நோயாளி "எனக்கு வலிக்குது" என்றால் நானும் "எனக்கு வலிக்கிறது" என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாவது விதி, அறைக்குள் யார் எதைச் சொன்னாலும் ஒன்று விடாமல் மொழிபெயர்க்க வேண்டும். மூன்றாவது, வெளியே நோயாளியைக் கண்டால் நாமாகப் போய்க் கதை கொடுக்கக்கூடாது.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் துறைமுகத்தில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டினேன். முதுகெலும்பு ஒருநாள் போதும் என்றது. கையில் மிஞ்சியது பிரெஞ்சு மட்டும்தான். அதுவும் துறைமுகத்தில் பெட்டி இறக்குகிறவர்களிடம் படித்த பிரெஞ்சு. பயிற்சி தந்த அம்மா என் பேச்சைப் பத்து நிமிடம் கேட்டுவிட்டு, ஒரு தாளில் பதினொரு சொற்களை எழுதித் தந்தார். "இவற்றை ஆஸ்பத்திரிக்குள் சொல்லவே கூடாது." அவற்றில் ஏழு சொற்கள் கெட்ட வார்த்தை என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அந்தப் பெண் மன்னாரைச் சேர்ந்தவர். கணவர் துறைமுகத்துக்குச் சரக்கு லொறி ஓட்டுகிறவர். இவரை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கணவர் வேலையில் இருப்பதால் ஆஸ்பத்திரிக்கு மாமியார்தான் கூட வருவார். இதையெல்லாம் எழுதலாமா என்று அண்மையில் அந்தப் பெண்ணிடமே கேட்டேன். "பேர் மட்டும் போடாதேங்கோ அங்கிள். மற்றதெல்லாம் இப்ப மாமிக்கும் தெரியும்" என்றார்.

என்னை முதலில் கண்டதும் அவருக்குப் பிடிக்கவில்லை. பெண் மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும் என்று கேட்டிருந்தார். எங்களிடம் இருந்த ஒரே தமிழ்ப் பெண் மொழிபெயர்ப்பாளரும் அப்போது பிள்ளைப்பேற்று விடுமுறையில் இருந்தார். மருத்துவர் மறைக்காமல் சொன்னார்: "பெண் வேண்டுமென்றால் அடுத்த வாரம் தொலைபேசியில் ஒருவரை ஒழுங்கு செய்யலாம். இல்லாவிட்டால் இன்று இவர். பரிசோதனையின்போது திரைக்கு வெளியே நிற்பார். உங்கள் விருப்பம்."

அந்தப் பெண் என்னை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"அங்கிள் மன்னாரோ?"

"இல்லை, யாழ்ப்பாணம்."

"எங்கட ஆக்கள் ஆரையும் தெரியுமோ?"

"ஒருத்தரையும் தெரியாது."

"அப்ப பரவாயில்லை" என்றார். என் தகுதிகளிலேயே அவருக்குப் பிடித்தது அதுதான்.

திரைக்கு வெளியே சுவரைப் பார்த்தபடி நின்றேன். சுவரில் பெண் உடம்பின் உட்பகுதிப் படம் ஒன்று பெரிதாகத் தொங்கியது. அதைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன்.

இரண்டாம் முறை போனபோதுதான் விஷயம் தொடங்கியது. வழக்கமாக எல்லோருக்கும் செய்கிற சலப் பரிசோதனையில், சிறுநீரில் கிருமி இருப்பதாகத் தெரிந்தது.

"எரிவு, காய்ச்சல், இடுப்பு வலி ஏதாவது இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்டார்.

"ஒண்டுமில்லை" என்றார் அந்தப் பெண்.

"ஒண்டுமில்லை" என்றேன் நானும், பிரெஞ்சில்.

மாமியார் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "கிருமியோ? எங்கட வீட்டிலயோ? நான் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் பாத்ரூம் கழுவுறனான். டொக்டரை வந்து பாக்கச் சொல்லுங்கோ."

விதிப்படி, "நான் ஒரு நாளைக்கு இரண்டு தரம் பாத்ரூம் கழுவுகிறேன். நீங்கள் வந்து பாருங்கள்" என்று மருத்துவரை அழைத்தேன். மருத்துவர் நன்றி சொல்லிவிட்டுப் பொறுமையாக விளக்கினார். இது அழுக்கால் வருவதில்லை. இந்தக் கிருமி எத்தனையோ பெண்களின் உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாமல் இருக்கும். ஆனால் கர்ப்பகாலத்தில் சலத்தில் இருந்தால் மேலே ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகலாம். காய்ச்சல் வரலாம், பிள்ளையும் நேரத்துக்கு முன்னமே பிறந்துவிடலாம். அதனால் வலி இல்லாவிட்டாலும் மருந்து எடுப்பது நல்லது. பிள்ளைக்குத் தீங்கு செய்யாத மருந்து. நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள்.

"பார்லித் தண்ணி குடுத்தால் போதாதோ?" என்றார் மாமியார்.

"தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் பார்லி கிருமியைக் கொல்லாது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது, மதாம்?" என்று மருத்துவர் அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

அந்தப் பெண் மாமியாரைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். எங்கள் ஆட்கள் ஆட்டுகிற ஆட்டல் அது. ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம், பேச்சை நிறுத்துங்கோ என்றும் எடுக்கலாம். சைகையை மொழிபெயர்ப்பது என் வேலை இல்லை. மருத்துவர் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு மருந்து எழுதினார்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். கிருமி இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு அங்குலம்கூட அசையவில்லை.

மருத்துவருக்கு யோசனையாகிவிட்டது. கணினியையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த மருந்துக்கு இந்தக் கிருமி கேட்க வேண்டுமே. பரிசோதனையிலும் அப்படித்தான் இருக்கிறது. மருந்தை முழுவதும் எடுத்தீர்களா?"

அந்தப் பெண் வாய் திறக்குமுன் மாமியார் எழுந்துவிட்டார். "என்ர கையாலதான் குடுத்தனான்! மூண்டு வேளையும் குளிசையும் தண்ணியும் கொண்டுபோய்க் குடுப்பன். வெறுங்கோப்பையைத்தான் திருப்பி வாங்குவன். மாதா மேல ஆணை!"

கையில் இருந்த செபமாலையை மருத்துவருக்குத் தூக்கிக் காட்டினார். நானும் சத்தியம் செய்தேன்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மிக மரியாதையாக, "ஒவ்வொரு தாயோடும் கொஞ்ச நேரம் தனியாகக் கதைப்பது எங்கள் வழக்கம். நீங்கள் வெளியே கொஞ்சம் இருக்க முடியுமா, மதாம்?" என்று மாமியாரைக் கேட்டார். மாமியார் போனார். ஆனால் கைப்பையைக் கதிரையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

கதவு மூடியதும் அந்தப் பெண் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்:

"அங்கிள், இதை டொக்டருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

எனக்கு வேர்த்துவிட்டது. பயிற்சியில் இதற்கென்றே ஒரு நாள் முழுக்கப் பாடம் நடத்தினார்கள். நான் தொண்டையைச் செருமிவிட்டுப் பிரெஞ்சில், "அங்கிள், இதை டொக்டருக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்றேன்.

மருத்துவர் ஆவலோடு முன்னுக்கு வந்தார். அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது.

"ஐயோ, சொல்லிப்போட்டீங்களோ?"

"பிள்ளை, நான் முதல் நாளே சொன்னனான். இஞ்ச நீங்கள் சொல்லுற எல்லாத்தையும் நான் சொல்லவேணும். நான் சொல்லக்கூடாதெண்டால் நீங்கள் சொல்லக்கூடாது." இதையும் மருத்துவருக்கு மொழிபெயர்த்தேன். மருத்துவர் சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"மதாம், இங்கே சொல்வது இந்த அறைக்கு வெளியே போகாது. உங்கள் மாமிக்கும் போகாது. எனக்குக் கோபமும் வராது" என்றார் அவர்.

அந்தப் பெண் கைப்பையை ஒருதரம் பார்த்தார். அது கேட்டுக்கொண்டிருக்குமோ என்று பயந்ததுபோல இருந்தது. பிறகு ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்:

"எனக்குக் குளிசை விழுங்கத் தெரியாது. சின்னனிலயிருந்தே தெரியாது. தொண்டைக்குள்ள வைச்சவுடன சத்தி வரும். ஊரில அம்மா இடிச்சுச் சீனி போட்டுத் தருவா. இது கோதுக் குளிசை, கப்சியூல், விரல் அளவு. மாமி பாத்துக்கொண்டு நிப்பா. நான் வாயில வைச்சுத் தண்ணி குடிக்கிற மாதிரிக் குடிச்சுப்போட்டு, அவ கோப்பையைக் கழுவப் போகேக்க எடுத்து யன்னலடியில இருக்கிற கறிவேப்பிலைச் சாடிக்குள்ள புதைச்சுப்போடுவன். இருபத்தொண்டும் அதுக்குள்ளதான் கிடக்கு. இன்னும் நாலு மாசத்தில எனக்கே ஒரு பிள்ளை வரப்போகுது. குளிசை விழுங்கத் தெரியாதெண்டு ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

நான் முழுவதையும் பிரெஞ்சில் சொன்னேன். ஐம்பத்தொன்பது வயது மனிதன் ஒருவன், "எனக்குக் குளிசை விழுங்கத் தெரியாது, சின்னனிலிருந்தே தெரியாது" என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் தழுதழுத்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் பெரிய குளிசை விழுங்குவது கஷ்டம்தான்.

கறிவேப்பிலையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "எங்கள் வீட்டில் மிக மதிப்பான ஒரு செடி" என்றேன். மருத்துவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டு புருவத்தை உயர்த்தினார். "சமையல் செடி" என்று அவசரமாகத் திருத்தினேன். இந்த நாட்டுக் குளிரில் கறிவேப்பிலை வளர்ப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை விளக்குவது என் வேலை இல்லை. ஆனாலும் விளக்க ஆசையாக இருந்தது.

"செடி எப்படி இருக்கிறது?" என்று மருத்துவர் கேட்டார்.

"நல்லா இருக்கு. மாமி மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினவ, புதுசாத் துளிர்க்குதெண்டு."

அப்போதுதான் மருத்துவர் சிரித்தார். அந்தப் பெண்ணும் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. ஆனால் இருவரும் சிரிக்கும்போது நான் மட்டும் சிரிக்காமல் இருந்தால் மொழிபெயர்ப்பில் குறை வந்துவிடும் என்று சிரித்தேன்.

பிறகு மருத்துவர் கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார். "பிழை என்னுடையது. விழுங்க முடியுமா என்று நான் கேட்கவே இல்லை. இப்போது சொல்லுங்கள், எது உங்களுக்குச் சரிவரும்?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "என்ன கேக்கிறா? டொக்டர் எல்லோ சொல்லவேணும்?"

அதையும் சொன்னேன். மருத்துவர், "மருந்து வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதையும் சொல்லிவிட்டேன். அதை எப்படி எடுப்பது, எடுப்பதா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் முடிவு" என்றார். பிறகு வழிகளைச் சொன்னார். இதே மருந்து குடிக்கிற பாணியாகவும் கிடைக்கும், சப்பித் தின்னும் குளிசையாகவும் கிடைக்கும். இரண்டுமே சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்தவை, அதனால் பெரியவர்களின் அளவு வரக் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும். ஒன்றும் வேண்டாம், இன்னொரு தரம் பரிசோதித்துப் பார்ப்போம் என்றாலும் செய்யலாம். ஆனால் அதை அவர் நல்ல வழி என்று சொல்லமாட்டார்.

"பாணி என்ன ருசி?"

"வாழைப்பழ ருசி."

"உண்மையான வாழைப்பழமோ, கடையில விக்கிற வாழைப்பழ இனிப்போ?"

இவ்வளவு கவனமாக ஒரு கேள்வியை அந்தப் பெண் அதுவரை கேட்டதில்லை. மருத்துவரும் யோசித்துத்தான் பதில் சொன்னார். "இனிப்பு மாதிரி. உண்மையான வாழைப்பழத்துக்குக் கிட்டவும் வராது."

"அப்ப பாணி. ஆனா மாமிக்குச் சாடி விஷயம் சொல்லக்கூடாது. பாணியை ஏன் எழுதினதெண்டு கேட்டால், இது புதுசு, கூட நல்லதெண்டு சொல்லவேணும்."

மருத்துவர் கொஞ்சம் யோசித்தார். "பொய் சொல்லமாட்டேன். 'மதாமுக்கு இதுதான் பொருத்தம்' என்று சொல்கிறேன். அது உண்மைதானே?"

மாமியார் உள்ளே வந்ததும் அப்படியே சொன்னார். மாமியாருக்குப் பாணி என்றதும் திருப்தி. "நான் அப்பவே நினைச்சனான், அந்தக் குளிசை சரியில்லை. பாத்தவுடனயே தெரியும், கடுஞ்சிவப்பு."

மருந்துக்கடையில் நடந்ததை அடுத்த முறை அந்தப் பெண்தான் சொன்னார். கடைக்காரர் இரண்டு பெரிய போத்தல்களை எடுத்து வைத்துக்கொண்டு, பிள்ளைக்கு எத்தனை வயது, என்ன நிறை என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். இவர் தன் ஆங்கிலத்தில் "இருபத்தாறு" என்றிருக்கிறார். மாதமா என்று கடைக்காரர் கேட்க, வருடம் என்றிருக்கிறார். கடைக்காரர் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டு, விஷயம் தெரிந்ததும் சிரிக்காமல், அளக்கிற ஊசிக்குழாய் ஒன்றையும் யானைப் படம் போட்ட ஸ்டிக்கர் ஒன்றையும் தந்து அனுப்பினாராம். ஏழு நாளும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தார். அடுத்த பரிசோதனையில் கிருமி இல்லை.

"நல்ல செய்தி" என்றேன், மருத்துவர் சொன்னதை. ஆனால் குரலில் இருந்த சந்தோஷம் என்னுடையது.

ஆனாலும் விஷயம் முடியவில்லை. இந்த வகைக் கிருமி ஒருமுறை சலத்தில் தெரிந்துவிட்டால், மருந்தால் போனாலும் பிள்ளை பிறக்கும் நேரத்தில் திரும்பியிருக்கலாம் என்றார் மருத்துவர். பிறக்கும்போது பிள்ளைக்குத் தொற்றினால் ஆபத்தாகலாம். அதனால் வலி தொடங்கியதும், அல்லது தண்ணீர்க்குடம் உடைந்ததும், உடனே வர வேண்டும். கையில் ஊசி ஏற்றி, நரம்பு வழியாக நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுப்பார்கள்.

"ஊசி எண்டால் என்னைக் கட்டிலில கட்டிவைப்பினம்" என்றார் அந்தப் பெண். "என்ர அக்காவுக்கு அப்பிடித்தான் செய்தவை. சேலைன் கம்பத்தோட படுத்துக்கிடந்தவ. எனக்கு நடக்கவேணும். நோவெடுத்தால் என்னால படுக்கேலாது."

பாணி விஷயத்துக்குப் பிறகு அவர் பேசுகிற விதம் மாறியிருந்தது. என்னைப் பார்த்துப் பேசுவதை விட்டு மருத்துவரைப் பார்த்தே தமிழில் பேசினார். மாமியார் பக்கத்தில்தான் இருந்தார். மருமகளைப் புதிதாகப் பார்ப்பவர்போல் திரும்பிப் பார்த்தார்.

"நடக்கலாம்" என்றார் மருத்துவர். "மருந்து ஏறுகிற நேரம் கொஞ்சம்தான். அது முடிந்ததும் குழாயைக் கழற்றி, கையில் இருக்கிற ஊசியை மட்டும் மூடிக் கட்டிவிடுவார்கள். பிறகு கம்பம் இல்லாமல் எங்கேயும் நடக்கலாம்."

"அதை எழுதித் தாங்கோ."

மருத்துவர் கோப்பில் எழுதி, எழுதியதை வாசித்தும் காட்டினார். நான் அதைத் தமிழில் சொல்ல, அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையை ஆட்டினார். இந்தத் தடவை அது ஓம்தான்.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை முற்பகல், நானும் மனைவியும் பாலத்துக்கு அக்கரையில் உள்ள புரோசார்ட்டில் மரக்கறி வாங்கப் போயிருந்தோம். அன்று தொலைபேசி மொழிபெயர்ப்புக்கு என் முறை. மனைவி கடைக்குள் போனதும் தொலைபேசி அடித்தது. பிரசவப் பகுதியில் இருந்து ஒரு தாதி. தமிழ் பேசும் மதாம் ஒருவர் வந்திருக்கிறார், காலையில் தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது, ஊசி ஏற்றுமுன் விளக்கம் சொல்ல வேண்டும் என்றார். நான் காருக்குள் இருந்தபடியே கதவுகளைப் பூட்டினேன். அறையில் என்ன பேசினாலும் வேறு யாரும் கேட்கக்கூடாது என்பது விதி.

"அங்கிளோ? அந்த மீசை அங்கிளோ?" என்றது மறுபக்கத்துக் குரல். அடையாளம் தெரிந்துவிட்டது.

"மீசை வைத்த அங்கிளா என்று கேட்கிறேன்" என்றேன் தாதியிடம். தாதி குழம்பிப்போய், "தெரியாது மதாம், எனக்கு இங்கிருந்து தெரியவில்லை" என்றார்.

தாதி கம்பத்தை உருட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்தது. "உதைக் கொண்டுபோகச் சொல்லுங்கோ! நான் நடக்கவேணும். டொக்டர் எழுதியிருக்கிறா. கோப்பைப் பாருங்கோ!"

சொன்னேன். தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு தாதி, "ஓம், எழுதியிருக்கிறது. மருந்து ஏறுமட்டும் இருங்கள், முடிந்ததும் கழற்றிவிடுகிறேன். நீங்கள் விரும்பினால் இருந்தபடியே ஏற்றலாம், படுக்க வேண்டாம்" என்றார்.

"அப்ப ஓம். குத்துங்கோ."

"அப்ப ஓம். குத்துங்கோ" என்றேன், என் இடது கையைத் தடவிக்கொண்டு.

மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே வலி கூடிவிட்டது. தாதி தொலைபேசியை வைக்க வேண்டாம் என்றார். மொழிபெயர்க்கும்போது தொனியையும் கொண்டுவர வேண்டும் என்பது பயிற்சியில் சொன்னது. அந்தப் பெண், "ஐயோ, என்ர இடுப்பு முறியுது!" என்று கத்தினால், நானும் கத்தாவிட்டாலும் கொஞ்சமாவது குரலை உயர்த்த வேண்டும். உயர்த்தினேன். பக்கத்துக் காரில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வயதான ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

லொறி ஓட்டும் கணவரும் அங்கே இருந்தார். அவருக்கு நல்ல பிரெஞ்சு வரும், ஆனால் அன்று தமிழே வரவில்லை. மனைவியின் தோளைத் தடவியிருப்பார் போல.

"தொடாதேங்கோ! எல்லாம் உங்களாலதான்! தள்ளி நில்லுங்கோ!"

ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். அந்தக் கோபத்துக்குச் சரியான பிரெஞ்சுச் சொல் எனக்கு ஒன்றுதான் தெரியும். அது அந்தப் பதினொன்றில் ஒன்று. வாயில் வந்துவிட்டது. தாதி, "சரியாக விளங்குகிறது, மதாம்" என்றார்.

அரிசி மூட்டைக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினேன்.

"மெஸ்யூ, உங்களுக்கு ஏதாவது செய்கிறதா? அம்புலன்ஸ் கூப்பிடவா?"

"வேண்டாம். எனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது" என்றேன். அரை மணி நேரமாக அப்படியே பேசிப் பழகிவிட்ட வாய்.

அவர் என் மீசையைப் பார்த்தார். தலைமயிரைப் பார்த்தார். "வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் கண்ணாடியை ஏற்றி முடிக்க, மனைவி பைகளோடு வந்துவிட்டார். கதவு திறக்கவில்லை. நான் ஒரு விரலைக் காட்டினேன், ஒரு நிமிடம் என்று. மனைவி பனியில் நின்று என்னைப் பார்த்தார். நான் உள்ளே கண்ணை மூடிக்கொண்டு, "எனக்கு ஏலாது! மாதாவே, எனக்கு ஏலாது!" என்று பிரெஞ்சில் புலம்பிக்கொண்டிருந்தேன். சொல் தெளிவாகக் கேட்காது, ஆனால் முகம் தெரியுமே. மனைவி பைகளை நிலத்தில் வைத்தார். கண்ணாடியைத் தட்டினார். நான் மறுபடியும் அதே விரலைக் காட்டினேன். ஐந்தாவது தரம் காட்டியபோது பைகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குள்ளேயே திரும்பிப் போய்விட்டார்.

மருந்து ஏறி முடிந்தது. குழாயைக் கழற்றினார்கள். அந்தப் பெண் நடக்கத் தொடங்கினார். தொலைபேசியையும் தூக்கிக்கொண்டு யாரோ பின்னால் நடந்தார்கள். செருப்புச் சத்தம் கேட்டது. தாதி ஏதோ ஆறுதல் சொல்ல, நான் தமிழில் சொல்ல, தாதி இன்னும் ஏதோ சொல்ல, நான் சொல்ல...

"அங்கிள்."

"ஓம்?"

"இனிக் கதைக்காதேங்கோ. எனக்கு ஒருத்தற்ற குரலும் வேண்டாம்."

நான் கடமையைச் செய்தேன். "அங்கிள், இனிக் கதைக்காதேங்கோ. எனக்கு ஒருவருடைய குரலும் வேண்டாம்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

"விளங்கியது" என்றார் தாதி. "மதாமின் விருப்பம். தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடுகிறோம். மெர்ஸி." தொலைபேசி நின்றது.

அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை. பாலம் தாண்டி வீட்டுக்கு வரும்வரை மனைவி யன்னலுக்கு வெளியேதான் பார்த்தார். வீட்டு வாசலில், "ஆரோட கதைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"வேலை."

"வேலைக்கோ அழுதனீங்கள்?"

"சொல்லேலாது."

"எப்பவும் சொல்லேலாது" என்று மரக்கறிப் பைகளை மேசையில் வைத்தார். கத்தரிக்காய் குளிரில் கறுத்துப் போயிருந்தது.

இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம் இதுதான். ஒருவருக்காக ஒரு மணி நேரம் பிரசவ வலி பட்டிருக்கிறேன், பிள்ளை பிறந்ததா என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டுக் கேட்கக்கூடாது. அந்த வாரம் முழுவதும் தேத்தண்ணிக்குச் சீனி போட மறந்தேன். பிள்ளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, மருந்து நேரத்துக்கு ஏறிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாதிமார் வழியில் எதிர்ப்பட்டால் முகத்தைப் பார்த்து ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன். ஒன்றும் தெரியாது.

மே மாதம் எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள தமிழ்க் கடையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மனைவியும் கூட. மரக்கறிப் பக்கத்தில் அந்தப் பெண் தள்ளுவண்டியோடு நிற்பதைக் கண்டேன். விதிப்படி மீனைப் பார்த்தேன். விளைமீனின் கண்ணை மிகக் கவனமாகப் பார்த்தேன்.

"அங்கிள்!"

அவராக வந்து கதைத்தால் குற்றமில்லை. நான் திரும்பினேன். வண்டிக்குள் ஒரு பெண் குழந்தை, வாயைத் திறந்தபடி நல்ல நித்திரை.

"அன்ரி, இவர்தான் எனக்காக ஆஸ்பத்திரியில கத்தினவர்" என்றார் அந்தப் பெண் என் மனைவியிடம். மனைவியின் முகம் மூன்று தரம் மாறியது. அந்தப் பெண் எல்லாவற்றையும் தானே சொன்னார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொலைபேசி நின்று ஐந்து மணி நேரத்தில் பிள்ளை பிறந்திருக்கிறது. அதற்குள் இரண்டாம் தரமும் மருந்து ஏற்றிவிட்டார்கள். பிள்ளையை ஒரு நாளுக்கு மேல் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பினார்களாம். கறிவேப்பிலையைப் பெரிய சாடிக்கு மாற்றும்போது மாமியார் கையில் சிவப்பாகக் களிபோல் ஏதோ ஒட்டியிருக்கிறது. குளிசைக் கணக்கு அன்றே வெளிவந்துவிட்டது.

"மாமி ஏசினவவோ?" என்றார் மனைவி.

"முதல்ல ஏசினவ. பிறகு, தனக்கும் குளிசை விழுங்கேலாதெண்டும், முப்பது வருசமா பிரஷர்க் குளிசையைத் தண்ணியில கரைச்சுத்தான் குடிக்கிறதெண்டும் சொன்னவ."

குழந்தை அசைந்தது. அந்தப் பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு முருங்கைக்காய்ப் பக்கம் போனார். மனைவி என் பக்கம் திரும்பினார். பனி, விரல், அழுகை எல்லாவற்றையும் கேட்கப் போகிறார் என்று தயாரானேன்.

"பிள்ளை என்ன நிறையாம்?" என்றார்.

"கேக்கேல்லை."

"என்ன பேர்?"

"கேக்கேல்லை."

"ஆரின்ர சாயலாம்?"

நான் மீனைப் பார்த்தேன். மனைவி தலையில் கை வைத்தார். "ஒண்டையும் கேக்கத் தெரியாது. உங்களை எப்பிடி இந்த வேலைக்கு எடுத்தவை?" என்று கேட்டுவிட்டு, மீன் பையை என் கையில் திணித்துவிட்டு, முருங்கைக்காய்ப் பக்கம் விரைந்தார். எட்டிப் பார்த்தேன். குழந்தை அதற்குள் மனைவியின் தோளில் இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் என்னிடம் விளைமீனை வெட்டவா முழுதாகத் தரவா என்று கேட்டார். வெட்டுங்கோ, அவசரமில்லை, ஆறுதலாக வெட்டுங்கோ என்றேன்.